யார் தயவும் இன்றி

சென்ற மாதம் என் தமக்கையின் மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். எஞ்சினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன். வந்ததும் வராததுமாகக் கையோடு கொண்டுவந்திருந்த ஹெட்போனை என் காதில் மாட்டி, "மாமா, இதைக் கேளுங்கள். கேட்டுவிட்டு எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று சொல்லுங்கள், பார்க்கலாம்" என்றான்.

கேட்டேன். ஏறக்குறைய எட்டு நிமிஷப் பாட்டு. டிரம்மின் அதிர்வு, அதற்கு அடியில் பாஸ் கிடாரின் முணுமுணுப்பு, மேலே அலை அலையாக எழும்பும் மின்சார வாத்தியங்களின் ஒலி, இவற்றுக்கு நடுவில் ஆண்குரலோ பெண்குரலோ என்று சந்தேகம் எழுப்பும் மெல்லிய பாட்டு. பாதி வழியில், கீறல் விழுந்த கிராமபோன் தட்டைப் போல ஒரே துணுக்கில் சிக்கிக்கொண்டு அது திரும்பத் திரும்பச் சுழன்றது. "கருவி கெட்டுவிட்டதடா" என்று ஹெட்போனைக் கழற்றப் போனேன். "அது வேண்டுமென்றே செய்தது மாமா. பேசாமல் கேளுங்கள்" என்று என்னை அதட்டினான்.

பாட்டு முடிந்ததும், "ஐந்து பேராவது இருப்பார்கள்" என்றேன்.

"ஒரே ஒருவர்! பாட்டு எழுதியது, மெட்டுப் போட்டது, டிரம் அடித்தது, கிடார் வாசித்தது, பாடியது, பதிவு செய்தது, ஒலிகளை அளவறிந்து கலந்தது, எல்லாம் ஒரே ஆள். யார் தயவும் தேவையில்லை பாருங்கள். நானும் இனிமேல் அப்படித்தான் இருக்கப் போகிறேன்."

அவன் முதலில் சொன்னது எனக்கு வியப்பைத் தந்தது. கடைசியாகச் சொன்னதோ கவலையைத் தந்தது. கல்லூரியில் அவனோடு சேர்ந்து வாசித்த இரண்டு நண்பர்களோடு அவன் சண்டை போட்டுக்கொண்டு விலகிவிட்டான் என்பது எனக்குத் தெரியும். தகப்பனாரோடு இரண்டு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை என்பதும் தெரியும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடாரும் கையுமாக இருக்கிறான் என்று என் தமக்கை தொலைபேசியில் அழுதிருந்தாள். ஆகவே, சங்கீதத்தைப் பற்றி என்று அவன் நினைத்துச் சொன்ன வார்த்தை, உண்மையில் வாழ்க்கையைப் பற்றியது. யார் தயவும் இன்றி ஒருவன் ஒரு காரியத்தைச் செய்துவிட முடியுமா? முடியுமானால், அது பெருமைதானா? இதற்குப் பதில் தெரிந்துகொள்ள, அவன் சொன்ன அந்த மனிதரைப் பற்றியே கொஞ்சம் தேடிப் படித்தேன்.

அவர் பெயர் கெவின் பார்க்கர். 1986-இல் ஆஸ்திரேலியாவில் சிட்னியில் பிறந்து, அந்த நாட்டின் மேற்குக் கோடியில் உள்ள பெர்த் நகரில் வளர்ந்தவர். பெர்த்தை உலகத்திலேயே மிகவும் தனித்துக் கிடக்கும் பெருநகரங்களில் ஒன்று என்பார்கள். அடுத்த பெரிய நகரமான அடிலெய்டுக்குப் போக வேண்டுமென்றால் 2,000 கிலோமீட்டருக்கு மேல் கடக்க வேண்டும். ஒரு பக்கம் பாலை நிலம், மறு பக்கம் இந்து மகா சமுத்திரம். தனிமையைப் பற்றிப் பாட ஒருவன் பிறந்து வளர வேண்டுமானால், இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

சிறு பிராயத்திலேயே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். பையனுக்கு 11 வயதில் டிரம் பழக்கம் வந்தது. பிறகு ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தான். வீட்டில் இருந்த இரண்டு டேப் ரிக்கார்டர்களில் ஒன்றில் தன் டிரம் வாசிப்பைப் பதிவு செய்வான். அதை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து வேறொரு வாத்தியத்தை வாசித்து, இரண்டையும் மற்றொரு ரிக்கார்டரில் பதிவு செய்வான். இப்படி ஒருவனே இருவரானான்; இருவர் மூவரானார்கள். பெரிய ஒலிப்பதிவு நிலையங்களில் பல தடங்களில் தனித்தனியாகப் பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்களே, அந்த வித்தையின் குழந்தைப் பருவம் இது.

பல்கலைக்கழகத்தில் முதலில் எஞ்சினீயரிங், பிறகு வானசாஸ்திரம் படித்தார். ஒரு நாள் வானசாஸ்திரப் பரீட்சைக்குப் போய்க்கொண்டிருக்கும்போது, சிட்னியிலிருந்து மாடுலர் என்ற இசைத்தட்டு நிறுவனத்தார் கூப்பிட்டார்கள். அவர் பரீட்சைக்குப் போகவில்லை. (இந்தச் செய்தியை என் தமக்கை மகனிடம் நான் சொல்லவில்லை. அவனுக்கு அது முன்பே தெரிந்திருந்தது, அதுதான் சங்கடம்.)

அவர் தம் இசைக்கு வைத்த பெயர் 'டேம் இம்பாலா'. இம்பாலா என்பது ஆப்பிரிக்க மான். பழகிய மான் என்று பொருள் கொள்ளலாம். 2010-இல் 'இன்னர்ஸ்பீக்கர்', 2012-இல் 'லோனரிசம்', 2015-இல் 'கரண்ட்ஸ்', 2020-இல் 'த ஸ்லோ ரஷ்', 2025-இல் 'டெட்பீட்' என்று ஐந்து பெரிய இசைத்தொகுப்புகள் வந்திருக்கின்றன. முதல் தொகுப்பு, பெர்த்துக்குத் தெற்கே கடலைப் பார்த்த ஒரு தனி வீட்டில் பதிவானது. இந்த இசைக்குச் சைக்கடெலிக் பாப் என்று பெயர். 1960-களில் மேல் நாடுகளில் பிறந்த வகை. எதிரொலியையும் சுழலும் ஒலியையும் கலந்து, கனவில் கேட்பதைப் போல மனத்தை மிதக்கவிடுவது அதன் குணம். பார்க்கர் அதில் இந்தக் காலத்து நடனத் தாளத்தையும் சேர்த்தார். 'கரண்ட்ஸ்' தொகுப்பில் வாசிப்பு, பதிவு, ஒலிக்கலவை எல்லாம் அவர் ஒருவரே. என் காதில் மாட்டப்பட்ட பாட்டு அதில்தான் முதலாவது.

இப்படி ஒருவர் தனியாகச் செய்வதைக் கர்வம் என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது. நானும் தனியாகத் தொழில் செய்கிறவன். ஒரு நாவலில் கிழவன் பேசுகிறான், குமரி பேசுகிறாள், குழந்தை மழலை பேசுகிறது. எல்லாக் குரலும் ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவனுடையதுதான். நான்கு பேர் கூடி ஒரு நாவல் எழுத உட்கார்ந்தால், முதல் அத்தியாயம் முடிவதற்குள் காப்பி தீர்ந்துவிடும். சில காரியங்கள் ஏகாந்தத்தில்தான் முளைக்கின்றன. மேலும், தனிமையை நாடுகிறவர்களில் பெரும்பாலோர் கர்விகள் அல்லர், கூச்சக்காரர்கள். பிறர் முன்னிலையில் தப்புச் செய்யப் பயப்படுகிறவர்கள். கதவைச் சாத்தினால் நூறு தரம் தப்புச் செய்யலாம். நூற்றோராவது தரம் சரியாக வந்ததை மட்டும் உலகத்துக்குக் காட்டலாம். இந்தச் சௌகரியத்தை நானும் அனுபவிக்கிறேன். அடித்துத் திருத்திய பக்கங்களை என் வாசகர்கள் பார்த்ததில்லை.

ஆனால் இந்தச் சௌகரியத்துக்கு ஒரு விலை உண்டு. கச்சேரி மேடையை நினைத்துப் பாருங்கள். பாடகர் ஒரு சங்கதியைப் போடுகிறார். வயலின்காரர் அதைத் தொடர்ந்து வந்து, பாடகர் நினைத்திராத ஒரு மூலையில் கொண்டுபோய் விடுகிறார். மிருதங்க வித்வான் ஒரு கணம் கையை நிறுத்துகிறார். அந்த மௌனத்தில் பாடகருக்குப் புதிதாக ஒன்று உதயமாகிறது. பக்கவாத்தியம் என்பது வெறும் துணையல்ல, எதிர்பாராத பதில். தனியே பதிவு செய்கிறவனுக்கு இந்தப் பதில் கிடையாது. நேற்று டிரம் வாசித்தவனும் அவன்தான், இன்று கிடார் வாசிப்பவனும் அவன்தான். நேற்றைய 'நான்' போட்ட தாளத்துக்கு இன்றைய 'நான்' கட்டுப்பட்டே ஆக வேண்டும். நேற்றைய ஆள் இவன் முகத்தைப் பார்த்துத் தலையாட்டப் போவதில்லை. "போதும் அப்பா, நன்றாக வந்துவிட்டது, எழுந்திரு" என்று சொல்லப் போவதும் இல்லை. வேலையை எப்போது நிறுத்துவது என்று சொல்ல ஆள் இல்லாதது, தனியாள் தொழிலில் மிகப் பெரிய கஷ்டம். 'கரண்ட்ஸ்' வந்து நான்கரை வருஷத்துக்குப் பிறகே 'த ஸ்லோ ரஷ்' வந்தது. காலம் கழிவதைப் பற்றிய பாட்டுகள் நிறைந்த தொகுப்பு அது என்பதில் ஆச்சரியமில்லை.

இந்தக் கஷ்டம் ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இன்னொருவருடைய கதையும் சாட்சியாக இருக்கிறது. பார்க்கர் பிறப்பதற்குப் பதினாறு வருஷம் முன்பே, கலிபோர்னியாவில் எமிட் ரோட்ஸ் என்ற இளைஞர் தம் பெற்றோர் வீட்டுக் கொட்டகையில் தாமே எல்லா வாத்தியங்களையும் வாசித்து ஒரு இசைத்தட்டை உருவாக்கினார். 1970-இல் வெளிவந்த அது, அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 29-ஆம் இடத்தைப் பிடித்தது. 'ஒற்றை ஆள் பீட்டில்ஸ்' என்று பிற்காலத்தில் அவரைக் கொண்டாடினார்கள். ஆனால் கம்பெனியோடு அவர் கையெழுத்திட்டிருந்த ஒப்பந்தம், ஆறு மாதத்துக்கு ஒரு தட்டுக் கேட்டது. ஐந்து பேர் செய்யும் வேலையை ஒருவரே செய்கிறவர் ஆறு மாதத்துக்கு ஒன்று கொடுப்பது எப்படி? கெடு தவறியது. கம்பெனி இரண்டரை லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 1973-இல் மூன்றாவது தட்டை வெளியிட்டுவிட்டு, 23 வயதில் அவர் களைத்து ஒதுங்கிவிட்டார். அதன்பின் அவர் பெயரில் அடுத்த புதிய தொகுப்பு வந்தது 2016-இல். நாற்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு! அந்தக் கடைசித் தொகுப்பை அவர் தனியாகச் செய்யவில்லை. அவருடைய பழைய பாட்டுகளில் மனத்தைப் பறிகொடுத்த இளைய இசைக்காரர்கள் பலர் வந்து கூட உட்கார்ந்து வாசித்தார்கள். 2020-இல் அவர் காலமானார்.

கம்பெனியின் பேராசை அவர் முதுகை முறித்தது என்று சொல்லலாம், அது நியாயந்தான். ஆனால், பாரம் ஏறியபோது ஒரு பக்கம் பிடிக்க இன்னொரு கை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கைகள் வந்தன. நாற்பது வருஷம் தாமதமாக வந்தன.

பார்க்கருக்கு அந்தக் கதி நேரவில்லை. ஏன் நேரவில்லை என்று தேடிப் போனால், என் தமக்கை மகன் சொன்ன 'யார் தயவும் இன்றி' என்ற வார்த்தை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. 'லோனரிசம்' என்ற பெயருக்குத் தனித்திருத்தலையே ஒரு மார்க்கமாகக் கொள்வது என்று அர்த்தம் சொல்லலாம். அப்படிப்பட்ட தொகுப்பிலேயே இரண்டு பாட்டுகளை ஜே வாட்சன் என்ற நண்பரோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். முதல் இரண்டு தொகுப்புகளின் ஒலிக்கலவையைச் செய்தவர் அமெரிக்கரான டேவ் ஃப்ரிட்மன். அறையில் ஒருவராக உண்டாக்கிய இசையை ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு முன்னால் வாசிக்க வேண்டுமானால் ஒருவருக்கு இரண்டு கைகள் போதாது. மேடையில் நண்பர்கள் வந்து நிற்கிறார்கள். அவர் அறையில் தனியே வாசித்ததை இரவுக்கு இரவு, ஊருக்கு ஊர், அவர்கள் உயிரோடு எழுப்பிக் காட்டுகிறார்கள். 2016-இல் பார்படோஸ் நாட்டுப் பாடகி ரிஹானா, 'கரண்ட்ஸ்' தொகுப்பின் கடைசிப் பாட்டை ஏறக்குறைய அதே வாத்திய இசைமேல் தம் குரலில் பாடித் தம் தொகுப்பில் சேர்த்துக்கொண்டார். ஒரு தனியன் தனக்குள் போட்டுக்கொண்ட சண்டையை, உலகத்தின் மறு கோடியில் பிறந்த பெண் தன் சண்டையாகப் பாடினாள். அந்தப் பாட்டு இனி யாருடையது?

கிராமி விருதுக்கு அவருடைய சொந்தத் தொகுப்புகள் பல தடவை பரிந்துரைக்கப்பட்டும் கைகூடவில்லை. முதன்முதலாக விருது கைக்கு வந்தது 2025-இல். 'ஜஸ்டிஸ்' என்ற பிரெஞ்சு இரட்டையரோடு சேர்ந்து செய்த ஒரு பாட்டுக்கு! விருதுகளை வைத்துத் தர்ம சாஸ்திரம் எழுதக்கூடாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

இவை எல்லாவற்றையும்விட ஆழமான கடன் ஒன்று உண்டு. பார்க்கரின் தகப்பனார் கிடார் வாசிப்பார். மகனுக்கு அதில் முதல் பழக்கம், தந்தை ராகம் வாசிக்கக் கூடவே இருந்து தாளம் கொடுத்ததுதான். குடும்பம் பிரிந்த மனவருத்தமும் தந்தைமேல் கோபமும் மகனுக்கு உண்டு. 2009-இல் தந்தை புற்றுநோயால் இறந்தார். மகனின் முதல் பெரிய தொகுப்பு வெளிவந்தது அதற்கு அடுத்த வருஷம். தந்தை அதைக் கேட்கவில்லை. பத்து வருஷத்துக்கும் மேல் கழித்து, 'த ஸ்லோ ரஷ்' தொகுப்பில், இறந்த தந்தையை நோக்கி ஒரு பாட்டு வைத்தார். 'மரணத்துக்குப் பிறகு மன்னிப்பு' என்பது அதன் தலைப்பின் பொருள். முதல் பாதியில் கோபம் பேசுகிறது. பிற்பாதியில், தாம் கண்ட வெற்றிகளையெல்லாம் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்ற ஒரு பிள்ளையின் ஆசை பேசுகிறது. உலகமே கேட்டுப் பாராட்டிய மனிதருக்கு, கேட்க வேண்டிய ஒரே ஒருவர் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு அந்தப் பாட்டைக் கேட்டபோது, பாஷை முழுவதும் புரியாமலே எனக்குத் தொண்டையை அடைத்தது.

'லோனரிசம்' தொகுப்பின் அட்டைப்படத்தை அவரே எடுத்தார். பாரிஸ் நகரத்து லக்ஸம்பர்க் பூங்கா. இரும்புக் கம்பிவேலிக்கு அப்பால் ஜனங்கள் வெயிலில் சுகமாக உட்கார்ந்திருக்கிறார்கள். படம் எடுத்தவர் வேலிக்கு இந்தப் பக்கம், தனியாக. பார்த்ததும் 'ஐயோ பாவம், வெளியே நிற்கிறாரே' என்று தோன்றும். நான் இன்னொன்றையும் யோசித்தேன். வேலிக்கு இரண்டு பக்கம் உண்டு. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் தலையைத் திருப்பிப் பார்த்தால், கம்பிகளுக்குப் பின்னால் இருப்பவர் இவர்தான் என்று தோன்றும். யார் அடைபட்டிருக்கிறார்கள் என்பது நிற்கிற இடத்தைப் பொறுத்தது.

தனியாக வேலை செய்வது வேறு. யாருக்கும் கடன்படவில்லை என்று சொல்லிக்கொள்வது வேறு. முன்னது தொழிலின் தேவை. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. பின்னது பொய். தெரிந்து சொல்லும் பொய்கூட அல்ல. கதவைச் சாத்திக்கொண்டவனுக்கு வெளியே நிற்பவர்கள் கண்ணில் படாததால் உண்டாகும் பொய். அதனால்தான் அது ஆபத்தானது.

இந்தப் பொய்யை நான் அச்சிலேயே சொல்லியிருக்கிறேன். என் முதல் நாவல் தொடர்கதையாக வந்துகொண்டிருந்த காலம். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு பெரியவரைச் சாகடித்திருந்தேன். முப்பத்தோராம் அத்தியாயத்தில் அதே பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்தார். வாசகர்கள் அவரைப் பார்க்கவில்லை. அச்சுக்குப் போகுமுன், பத்திரிகையில் பிழை திருத்துகிற வயதானவர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "ஐயா, பெரியவருக்குக் காரியமெல்லாம் முடிந்துவிட்டதே" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். வேறு யார் காதிலும் போடவில்லை. பிறகும் எத்தனையோ இடங்களில் என் மானத்தைக் காப்பாற்றினார். நாவல் புத்தகமாக வந்தபோது முன்னுரையில், 'இதில் உள்ள நிறைகளும் குறைகளும் என்னுடையவை மட்டுமே' என்று எழுதினேன். அடக்கமான வாக்கியம் என்று அப்போது நினைத்தேன். குறைகள் என்னுடையவை என்றது உண்மை. நிறைகளும் என்னுடையவை மட்டுமே என்றேனே, அது திருட்டு. இரண்டாம் பதிப்பில் அவர் பெயரைப் போட வேண்டும் என்று எண்ணியிருந்தேன். இரண்டாம் பதிப்பு வருவதற்குள் அவர் போய்விட்டார். பெயரைப் போட்டேன். யார் படிப்பதற்கு?

இதையெல்லாம் தமக்கை மகனிடம் சொன்னேன். உபதேசமாகப் போய்விடக் கூடாதே என்று பயந்து, பிழை திருத்துபவர் கதையை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன். காப்பி குடித்த பெரியவரைக் கேட்டுச் சிரித்தான். பிறகு, "இருக்கட்டும் மாமா. எனக்கு யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. யூடியூபைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன்" என்றான்.

"கிடாரைச் சொல்கிறாய். தாளம் உனக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

அவன் பதில் சொல்லவில்லை. என் அத்தான், அதாவது அவனுடைய தகப்பனார், ஆபீஸ் வேலைக்காரர்தான். ஆனால் மார்கழி வந்தால் விடியற்காலையில் தெரு பஜனையில் கஞ்சிரா வாசித்துக்கொண்டு போவார். இந்தப் பையன் மூன்று வயதில் அவர் தோளில் உட்கார்ந்து, பாதித் தூக்கத்தில், அவர் தலையில் தாளம் போட்டுக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு நாளும் கையை எடு என்று சொன்னதில்லை.

அதை அவனுக்கு நினைவூட்டலாமா என்று யோசித்தேன். வேண்டாமென்று விட்டுவிட்டேன். அவன் ஹெட்போனைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் செருப்பை மாட்டினான். வாசல் வரை போனவன் திரும்பி, "மாமா, அப்பாவிடம் அந்தக் கஞ்சிரா இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியாது. அவரைத்தான் கேட்க வேண்டும்" என்றேன்.